காற்றின் மேல் நான் போட்ட பழி

அந்த மிஷினை நான் வாங்கியது ஒரு சாவுக்குப் பிறகு. செத்தவர் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் டேலி கிளார்க். கப்பலிலிருந்து வரும் பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருக்கிற சரக்கை எண்ணி, காகிதத்தோடு ஒத்துப் பார்க்கிற வேலை. அவர் அங்கே லோடு இறக்குகிறவர். ஒரு மதியம் பெட்டிக்குள் பாதி சரக்கு இறங்கியிருந்தபோது, "பின்னாடி எத்தினி வரிசை கீது, பாத்துச் சொல்லு" என்று அவரிடம் கேட்டேன். அவர் உள்ளே போனார். அடுக்கு சரிந்தது.

விசாரணை நடந்தது. கட்டுக் கயிறு வழியிலேயே அறுந்திருந்தது, என் மேல் தப்பில்லை என்று எழுதி முடித்தார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம் வீட்டில் என்னோடு இருப்பது லேசான காரியமாக இல்லை. கதவு அடித்துக்கொண்டால் கத்துவேன். ஸ்பூன் விழுந்தால் கத்துவேன். ஒரு நாள் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தேன். என் மனைவி சுவரைத் துடைத்தாள். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

யார்டில் லாரிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் போனில் எதையாவது பார்ப்பேன். அப்படித்தான் ஒரு வீடியோவில் அந்த மிஷினைப் பார்த்தேன். ஸ்க்ரோல் சா என்று பெயர். தையல் மிஷின் மாதிரியே இருக்கும், ஆனால் ஊசிக்குப் பதிலாக நூல் கனத்தில் ஒரு ரம்ப பிளேடு மேலும் கீழும் போய்வரும். ரம்பம் நின்ற இடத்திலேயே இருக்கும், நாம்தான் மரத்தைத் திருப்பவேண்டும். கையின் போக்குக்கு மரம் வளைந்து வளைந்து அறுபடும். வீடியோவில் யாரும் பேசவில்லை. இரண்டு கைகள், ஒரு பலகை, அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு வாங்கிவிட்டேன்.

விம்கோ நகரில் எங்கள் வீடு முதல் மாடி. சமையலறைக்குப் பின்னால் கம்பி அடைத்த சின்ன பால்கனி. துணி காயப் போடும் இடம். அங்கே ஒரு பழைய மேஜையில் மிஷினை போல்ட் போட்டு முடுக்கி வைத்தேன். முதல் நாள் மூன்று பிளேடு உடைந்தது. பலகையை அவசரமாகத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பிளேடு போயிற்று. நான் கத்தவில்லை. புது பிளேடை எடுத்து மாட்டினேன். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, நான் கத்தாததைக் கவனித்திருக்கிறாள். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, காபி குடித்துவிட்டு, எட்டு மணிவரை அறுப்பேன். முதலில் மீன், படகு, நங்கூரம். பிறகு எழுத்துகள். தமிழ் எழுத்தை அறுப்பது தனி வேலை. சுழிக்குள் இருக்கும் மரத்தை எடுக்கவேண்டும் என்றால், அங்கே ஒரு ஓட்டை போட்டு, பிளேடை ஒரு பக்கம் கழற்றி, ஓட்டைக்குள் விட்டு, மறுபடி மாட்டி அறுக்கவேண்டும். 'ண' என்றால் ஒவ்வொரு சுழிக்கும் ஒரு தடவை இப்படிக் கழற்றி மாட்டவேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் மோசம். அது எதோடும் ஒட்டியிருப்பதில்லை, அறுத்ததும் கீழே விழுந்து காணாமல் போய்விடும். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் தீக்குச்சி கனத்துக்கு ஒரு பாலம் விட்டு வைக்க நானே கற்றுக்கொண்டேன். அதைச் செய்துகொண்டிருக்கும்போது வேறெதையும் நினைக்க முடியாது. அந்த இரண்டு மணி நேரம் எனக்குள் எந்த அடுக்கும் சரியவில்லை.

மரம் யார்டிலிருந்தே வந்தது. சரக்குக்கு அடியில் வைக்கும் பேலட் உடைந்தால் ஓரமாகக் குவித்துவிடுவார்கள், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு எடுத்து வருவேன். அந்தக் கட்டைகளில் முத்திரை குத்தியிருக்கும். பூச்சி சாக மரத்தைச் சூடு பண்ணினார்களா, மருந்துப் புகை போட்டார்களா என்பதற்கு இரண்டு இரண்டு எழுத்து. எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அது என் வேலையில் சேர்ந்தது. இருந்தும் எது கிடைத்ததோ அதைத்தான் எடுத்து வந்தேன். பேலட் கிடைக்காத வாரம் கடையில் எம்.டி.எஃப். பலகை வாங்குவேன். அது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்தது. அறுத்தால் மாவு மாதிரித் தூள் வரும். மிஷினிலேயே ஒரு சின்ன டியூப் இருந்தது, கோடு தெரியவேண்டும் என்று அது தூளை ஊதித் தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கே தள்ளுகிறது என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். ஹாலில், பால்கனிக்கு நேராக அவள் மிஷின். காலையில் எழுந்ததும் அவள் செய்யும் முதல் வேலை, தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணிகளை உதறுவதும் மிஷினைத் துடைப்பதும் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் அவள் சின்ன வயதிலிருந்து போகும் மாதா கோயிலில் பூசைக்குப் பாடுவாள். பதினாலு வயதிலிருந்து அந்தப் பாடகர் குழுவில் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், அதனால் எங்களுக்குள் நீ, வா, போதான். கல்யாணத்துக்கு முன்னால் நான் பூசைக்கு ஒழுங்காகப் போனதற்கு அவள் குரல்தான் காரணம்.

மிஷின் வந்த அடுத்த மழைக்காலத்தில் அவள் இரும ஆரம்பித்தாள். சளி என்றாள். சளி போனது, இருமல் போகவில்லை. பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வரும்போது, என் முதுகில் ஒவ்வொரு இருமலும் இடிக்கும். கோடையிலும் இடித்தது. அப்புறம் படியேறினால் மூச்சு வாங்கியது. நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நடுத்தர வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டார்.

"வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"இல்ல மேடம்" என்றாள் என் மனைவி.

"வேற எதாவது தூசி? புகை? வேலை செய்ற இடத்துல, வீட்டுல?"

கேள்வி அவளிடம்தான் கேட்கப்பட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நாங்க இருக்கறது விம்கோ நகர் மேடம். அந்தப் பக்கம் காத்து எப்படினு உங்களுக்கே தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் கேஸ் நாத்தம். கண்ணே எரியும்."

டாக்டர் தலையாட்டினார். அங்கிருந்து வருகிற பலரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த பிளாஸ்டிக் நெஞ்சுக்கூட்டு பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் காபி குடித்துவிட்டுப் பால்கனிக்குப் போனேன்.

நான் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் சுற்றிலும் ஃபேக்டரிகள், சில சாயங்காலங்களில் ஒரு நெடி வரும். தொண்டையில் தீக்குச்சி உரசின மாதிரி. ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருப்போம். எங்கிருந்து வருகிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த வருடம் அது அதிகமானதால் குடியிருப்போர் சங்கம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளை வரவழைத்தது. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். சங்கச் செயலாளர் ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். "ஒடம்பு பாதிச்சவங்க வூட்லர்ந்து யாராவது பேசுங்கப்பா" என்று மைக்கில் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. யாரும் என்னைத் தள்ளவில்லை. கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கோபம் இருந்தது, எனக்கும் இருந்தது. அதை ஒரு பக்கமாகத் திருப்பிவிட இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

"எம் பொண்டாட்டி ஒரு வருசமா இருமிக்கினு கீறா. கோயில்ல பாட்றவ. இப்போ ஒரு வரி முழுசா பாட மூச்சு இல்ல. எங்க வூட்ல யாரும் பீடி சிகரெட்டு புடிக்கிறது கெடையாது. கேஸ் அடுப்புதான். அப்போ இந்த இருமலு எங்கர்ந்து வந்துச்சி? நீங்களே சொல்லுங்க சார்."

கை தட்டினார்கள். பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அதிகாரி ஒருவர் நோட்டில் எழுதினார். செயலாளர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

திரும்பி நடந்து வரும்போது கீழ்வீட்டு அக்கா கூட வந்தார். எண்ணூர்ப் பக்கம் மீனவர் குப்பத்தில் பிறந்தவர், கருவாட்டு வியாபாரம். வீட்டுக்குப் பின்னால், எங்கள் பால்கனிக்கு நேர் கீழே, வலை விரித்து நெத்திலி காயப் போடுவார். முக்குக் கடை தாண்டியதும் சொன்னார்.

"இன்னாப்பா, சூப்பரா பேசுன."

"உள்ளதத்தான யக்கா சொன்னேன்."

"உள்ளதயா சொன்ன?" நின்றுவிட்டார். "எங் கருவாட்டு மேல ஒட்டிக்கினு கீதே மரத்தூளு, அதுவும் ஃபேக்டரிலர்ந்தா வருது? மண்ணு ஒட்டுனா ஒதறிட்டுப் போய்டலாம். உன் வூட்டுத் தூளு ஒதறுனாலும் போவமாட்டேங்குது. எங் கருவாட்டுக்கே இந்தக் கதின்னா, பகல் முச்சூடும் அந்தத் தூள்லயே குந்திக்கினு தெக்கிறாளே, அவ நெஞ்சுக்குள்ள இன்னா ஆவும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்போ அங்கயே எல்லார் முன்னாடியும் கேக்க வேண்டியதுதான?"

"கேட்டுருப்பேன். கேட்டா இன்னா ஆவும்? 'பாத்தியா, வூட்டுக்குள்ள நீங்களே தூளக் கெளப்பிக்கினு ஃபேக்டரி மேல பழி போட்றீங்க'ன்னு அவனுங்க நோட்டுல எழுதிக்கினு போய்டுவானுங்க. நாத்தம் வர்றது நெசம். என் தங்கச்சி புள்ளைக்கி வீசிங்கு, அதுவும் நெசம். அதுக்கோசரம்தான் வாய மூடிக்கினு குந்தியிருந்தேன். உனக்கோசரம் இல்ல."

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்து போய்விட்டார்.

வீட்டில் என் மனைவி கையில் போன். நான் பேசியதை யாரோ வீடியோ எடுத்து ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். அவள் முழுக்கப் பார்த்துவிட்டு போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"என் இருமல இன்னாத்துக்கு அங்க இட்டுகினு போன?"

கேட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

மறுநாளிலிருந்து மிஷினை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன். சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து டி.வி. பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் எதையோ போட்டு உடைத்தார்கள், எழுந்து நின்றுவிட்டேன். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. எட்டாம் நாள் ரசத்தில் உப்பு கம்மி என்று கத்த ஆரம்பித்தேன். எங்கெங்கோ போனது பேச்சு. அவள் குடும்பம், அவள் கோயில், அவள் இருமல் எல்லாவற்றையும் இழுத்தேன். அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தபடி நின்றாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, தணிந்த குரலில் சொன்னாள்:

"போ. போய் மிஷினப் போடு."

போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளே சொல்லிவிட்டாள் என்று மனதுக்குள் ஒரு நிம்மதியோடு போட்டேன். ஏதோ செய்தோம் என்று இருக்கட்டும் என்று பால்கனி வாசலில் ஒரு பிளாஸ்டிக் திரையும், கம்பியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டினேன். ஃபேன் தூளைக் கீழ்வீட்டுப் பக்கம் தள்ளியது. மிச்சம் திரைக்கு அடியில் உள்ளே வந்தது. கீழ்வீட்டு அக்கா நெத்திலியைத் தெரு முனைக்குக் கொண்டுபோய்க் காயப் போட ஆரம்பித்தார். என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் வைக்க மரத்தில் ஒரு ஊர் செய்து தருகிறேன் என்று கோயிலில் ஒத்துக்கொண்டிருந்தேன். மாடி வீடுகள், ஜன்னல்கள், பேரீச்ச மரங்கள், பின்னால் வெளிச்சம் போட்டால் ஒவ்வொரு ஜன்னலும் தெரியவேண்டும். ஃபாதருக்கு நான் வரைந்து காட்டிய படம் ரொம்பப் பிடித்துவிட்டது. நவம்பர் முழுக்க தினமும் மூன்று மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க. எத்தனை ஜன்னலோ அத்தனை ஓட்டை, அத்தனை தடவை பிளேடைக் கழற்றி மாட்டல். பலகை பெரிது என்பதால் எல்லாம் எம்.டி.எஃப்.

அதே நவம்பரில் அவளுக்குப் பாட்டு ஒத்திகை. பல வருடமாக கிறிஸ்துமஸ் பூசையில் தனியாகப் பாடும் பாட்டு அவளுடையது. ஒரு சாயங்காலம் ஒத்திகை முடிந்து கூட்டி வரப் போனேன். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். பைக்கில் ஏறியதும் சொன்னாள்.

"என் பாட்ட வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க."

"ஏனாம்?"

"நான்தான் குடுக்கச் சொன்னேன். நடுவுல நின்னுடுச்சினா எல்லாருக்கும் பேஜாரு."

டோல்கேட் வரை அவள் இருமல் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்காவது நிறுத்தியிருக்கலாம். குடில் வேலை கோயிலுக்கு, பாதியில் விட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோயில் பெயரைச் சொன்னதால் அது சரியாகவும் பட்டது.

டிசம்பர் முதல் ஞாயிறு காலைப் பூசை. நான் ஆண்கள் பக்கம் நடு வரிசையில் இருந்தேன். பாட்டு நடந்துகொண்டிருந்தபோது பாடகர் குழுவில் ஒரு சலசலப்பு. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எட்டிப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து நின்றாள். இருமல் இல்லை. சத்தமே இல்லை, தோள் மட்டும் ஏறி இறங்கியது. வாய் திறந்திருந்தது. இன்ஹேலரை எடுத்தாள், விரல் அழுத்தவில்லை. நான் ஓடினேன். ஆட்டோவில் ஏற்றியபோது அவள் உதடு நிறம் மாறியிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "ஒண்ணும் ஆவாதும்மா, இதோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே சிக்னலில் நிற்காமல் ஓட்டினார்.

முகத்தில் மாஸ்க் மாட்டி, நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. மறுநாள் காலை வார்டுக்கு அதே பெண் டாக்டர் வந்தார். ஃபைலைப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மருந்து கரெக்டா எடுத்திருக்கீங்க. அப்புறமும் இவ்ளோ மோசமாகுதுன்னா ஏதோ தினம் உள்ள போய்ட்டே இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, வீட்டுல என்ன இருக்கு?"

இந்த முறை என் மனைவி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. இவன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்கிற மாதிரி ஒரு பார்வை.

"மிஷின் வெச்சி மரம் அறுக்கறேன் மேடம்" என்றேன். "வூட்லதான். தெனமும். ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது."

"என்ன மரம்?"

சொன்னேன். எம்.டி.எஃப். சொன்னேன், பேலட் சொன்னேன், அதில் இருந்த மருந்துப் புகை முத்திரையையும் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"போன தடவையே கேட்டேனே?"

"கேட்டீங்க."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பேனாவை மூடிவிட்டு, "இன்னைக்கே எடுத்துடுங்க. வீட்டைத் துடைச்சு முடிக்கிற வரைக்கும் இவங்க அங்க வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் போனதும் நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, விட்டுவிட்டுப் பேசினாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தையல் மிஷின தெனம் தொடைக்கிறது நான்தான."

"அப்போ ஏன் அன்னிக்கு டாக்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திடுவ. நிறுத்துனா பழையபடி ஆய்டுவ." கொஞ்ச நேரம் மூச்சு விட்டாள். "தட்டு பறக்குறதுக்கு இருமலே தேவலன்னு இருந்துச்சி."

பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வராண்டாவுக்குப் போனேன். அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினேன். செய்வதற்கு வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. நான் ஒருத்தன் நிம்மதியாக இருக்க, இன்னொருத்தி மூச்சைக் கொடுத்திருக்கிறாள். அதை நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராக ராயபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் யார்டில் நான்கு நாள் லீவு போட்டு வீட்டைத் துடைத்தேன். மின்விசிறி இறக்கைக்கு மேலே, அலமாரிக்குப் பின்னால், அரிசி டப்பாவின் மூடி இடுக்கில், மாதா படத்தின் சட்டத்துக்குள், எங்கும் அந்த மாவு. அவள் தையல் மிஷினின் அடித்தட்டைக் கழற்றினேன். உள்ளே எண்ணெயோடு சேர்ந்து களி மாதிரி அடைந்திருந்தது. விரலால் வழித்து எடுத்தேன். அவள் தினம் துடைத்தும் உள்ளே இவ்வளவு இருந்தது.

ஃபாதரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். குடில் ஊரில் பாதி ஜன்னல்தான் ஆகியிருந்தது. அவர், "போன வருஷத்து தெர்மோகோல் இருக்கு, பார்த்துக்கலாம். நீங்க வீட்டப் பாருங்க" என்றார். மிஷினை வியாசர்பாடியில் பெயர்ப் பலகை செய்கிற ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். வெட்டவெளியில் வைத்துத்தான் அறுக்கவேண்டும், மூக்கையும் வாயையும் நல்ல மாஸ்க்கால் மூடவேண்டும், வீட்டுக்குள் மட்டும் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். "சரி தலைவா, சரி" என்று சிரித்தார். அவருக்கு நான் வியாபாரம் தெரியாத ஆளாகத் தோன்றியிருக்கும்.

அடுத்தது சங்கம். அதிகாரிகளுக்குக் கொடுக்கும் மனுவை டைப் அடித்து வைத்திருந்தார்கள். அதில் என் மனைவியின் கதை முதல் பக்கத்திலேயே இருந்தது. செயலாளர் வீட்டுக்குப் போய், அதை எடுத்துவிடச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"இத்த ஏன்யா இப்போ வந்து சொல்ற? உன் வீடியோவ ஏரியாவே பாத்திச்சி. இப்போ எடுத்தா, மத்தவன் சொன்னதும் பொய்யின்னுவானுங்க."

"தெரியும் சார். அதனாலதான் குடுக்கறதுக்கு முன்னாடி எடுத்துடுங்கன்றேன். அப்பால தெரிஞ்சா இன்னும் அசிங்கம்."

"நீ பேசாமயே இருந்திருக்கலாம்" என்றார். அது எந்த நாளைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. அந்தப் பத்தியை எடுத்தார்கள். முதல் பக்கத்தில் அந்த இடத்துக்குக் கீழ்வீட்டு அக்காவின் தங்கை பிள்ளையின் வீசிங்கைப் பற்றி எழுதினார்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு. வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ என்னைப் பற்றி ஏதோ எழுத, சிரிக்கிற பொம்மைகள் வந்தன. தெருவில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அக்கா மட்டும் ஒரு நாள் படியில் பார்த்து, "அவ எப்போ வர்றா?" என்று கேட்டார். அந்தக் கூட்டத்து நாளுக்குப் பிறகு அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

மனைவி பிப்ரவரியில் வந்தாள். குழாயில் ஊதிப் பார்க்கும் டெஸ்டில் முன்னைவிடத் தேவலை என்று வந்தது, ஆனால் முழுசாக இல்லை. டாக்டரிடம் நான் கேட்டேன், இதில் மரத்தூளால் எவ்வளவு, வெளிக்காற்றால் எவ்வளவு என்று.

"அதைப் பிரிச்சுச் சொல்ற டெஸ்ட் எதுவும் இல்லைங்க" என்றார்.

நான் அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன். வெளியே நெடி வருகிற நாளில் அவள் இருமினால், தெருவில் மற்றவர்களுக்கு வருகிற கோபம் எனக்கு முழுசாக வருவதில்லை. பாதியில் நின்றுவிடுகிறது. மறுபடியும் நான் கத்தினேனா என்றால், ஆமாம், இரண்டு முறை. இரண்டாவது முறை அவள் என்னை உட்கார வைத்து, "இதுக்கும் ஒரு டாக்டரு கீறாரு, நாளைக்கு என்கூட வர்ற" என்றாள். போனேன். மாதம் இருமுறை போகிறேன். அங்கே நான் அதிகம் பேசுவதில்லை, இன்னும் பழகவில்லை. ஆறிலிருந்து எட்டு மணிவரை என்ன செய்வது என்று தெரியாமல் கடற்கரைச் சாலையில் கல் போட்டிருக்கும் இடம்வரை நடந்துவிட்டு வருகிறேன்.

அவள் மறுபடி பாடப் போகிறாள். கடைசி வரிசையில் நிற்கிறாள், உச்சத்துக்குப் போகும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களைப் பாட விட்டுவிடுகிறாள். கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த இடம் எது என்று தெரியும்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். நான்கைந்து முறை சேர்ந்தாற்போல இருமினாள். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"தொறந்தே இருக்கட்டும்" என்றாள். "நூலு மாட்டும்போது எச்சி பொர ஏறிடுச்சி, அவ்ளோதான். ஒவ்வொருவாட்டியும் ஓடாத."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கீழே அக்கா வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வெளியே அன்றைக்கு நெடி எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மூக்கை வைத்து இன்னொரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.